யானைக்கால் நோய்: நிணநீர் மண்டலமும் அன்றாடக் கால் பராமரிப்பும்

யானைக்கால் நோய் கொசுக்கடி வழியாக உடலுக்குள் நுழையும் ஒரு வகை நூற்புழுவால் உண்டாகிறது. புதுச்சேரிக்கு இது புதிய நோயன்று. புதிதாகத் தொற்று ஏற்படுவது முன்பைவிட வெகுவாகக் குறைந்துள்ளது. எனினும் பல ஆண்டுகளுக்கு முன் தொற்று ஏற்பட்டு, இன்று கால் வீக்கத்தோடு வாழ்ந்துவரும் நோயாளிகள் நம்மிடையே உள்ளனர். இப்பக்கம் முதன்மையாக அவர்களுக்காகவும், அவர்களை வீட்டில் கவனித்துக்கொள்வோருக்காகவும் எழுதப்பட்டுள்ளது.

புறநோயாளிப் பிரிவில் நோயாளிகள் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. "இரத்தத்தில் புழு இல்லை என்று பரிசோதனையில் வந்துவிட்டது. மாத்திரையும் சாப்பிட்டுவிட்டேன். பிறகு ஏன் கால் வீங்கிக்கொண்டே போகிறது?" என்று கேட்பார்கள். மிகவும் நியாயமான வினா இது. இதற்கு விடை காண, நம் உடலில் நிணநீர் எவ்வாறு ஓடுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

நிணநீர் மண்டலம் என்பது யாது?

இதயத்திலிருந்து புறப்படும் இரத்தம், மிக நுண்ணிய தந்துகிகளை அடையும்போது அதன் நீர்ப்பகுதியில் ஒரு சிறு பங்கு குழாய்ச் சுவரைக் கடந்து திசுக்களுக்குள் கசிகிறது. உயிரணுக்களுக்கு உணவையும் உப்பையும் கொண்டு சேர்ப்பது இக்கசிவே. இவ்வாறு கசிந்த நீரும், அதனுடன் வெளியேறிய புரதங்களும் மீண்டும் இரத்தத்துக்குத் திரும்ப வேண்டும். இல்லையெனில் திசுக்கள் நீர் கோத்து வீங்கிவிடும். திரும்பிச் செல்வதற்கான தனிப் பாதையே நிணநீர் மண்டலம். ஒரு நாளில் ஏறக்குறைய 2 முதல் 3 லிட்டர் நிணநீர் இப்பாதை வழியாக இரத்தத்தைச் சென்றடைகிறது. நம் உடலில் உள்ள பிளாஸ்மாவின் மொத்த அளவே ஏறக்குறைய 3 லிட்டர்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், இப்பாதை அடைபடுவதன் விளைவு புரியும்.

இரத்த ஓட்டத்துக்கு இதயம் இருப்பதைப் போல நிணநீருக்கென்று தனியான இதயம் கிடையாது. நிணநாளங்கள் தாமாகவே மெல்லச் சுருங்குகின்றன. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் அவற்றை அழுத்துகின்றன. நாளங்களுக்குள் இருக்கும் சிறு வால்வுகள், மேலே சென்ற நீர் கீழே இறங்காதபடி தடுக்கின்றன. இவ்வாறு பாதத்திலிருந்து மேலேறும் நிணநீர், தொடை இடுக்கில் உள்ள நிணநீர்க் கணுக்களைக் கடந்து, வயிறு, மார்பு வழியாகச் சென்று, இடப்புறக் கழுத்தின் அடியில் பெருஞ்சிரை ஒன்றில் கலக்கிறது. நிணநீர்க் கணுக்கள் வடிகட்டிகளைப் போன்றவை. காலில் முள் குத்திப் புண்ணாகும்போது தொடை இடுக்கில் "நெறி கட்டியிருக்கிறது" என்று வீட்டில் சொல்வோமே, அது இந்தக் கணுக்கள் கிருமிகளை எதிர்த்துப் போரிடுவதன் அடையாளம்.

நிணநீருக்கு இரண்டு பணிகள் உள்ளன என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கசிந்த நீரை வடிப்பது. மற்றொன்று, தோல் வழியாக நுழையும் கிருமிகளைப் பிடித்து அழிப்பது. யானைக்கால் நோய் இவ்விரண்டையும் கெடுக்கிறது.

புழு செய்யும் கேடு

இந்தியாவில் இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது உச்செரேரியா பான்கிராஃப்டி என்னும் புழு. நூல் போன்று மெலிந்த இப்புழுக்களில் பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளமுடையது. ஆண் புழு அதில் பாதியளவே இருக்கும். இவை நிணநாளங்களுக்குள்ளேயே குடியிருந்து, இலட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈனுகின்றன. நுண்புழுக்கள் இரத்தத்தில் கலந்து திரிகின்றன. பகலில் அவை நுரையீரலின் நுண்குழாய்களில் ஒதுங்கிக்கொண்டு, இரவு 10 மணி முதல் 2 மணி வரையிலான நேரத்தில் தோலுக்கு அருகே உள்ள இரத்தத்தில் மிகுந்து காணப்படுகின்றன. இந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் இரவே. சுகாதாரப் பணியாளர்கள் இரவு நேரத்தில் வீடு தேடி வந்து விரல் நுனியில் இரத்தம் எடுப்பதன் காரணமும் இதுதான். உறக்கத்தில் எழுப்புகிறார்களே என்று சலித்துக்கொள்ளாமல் ஒத்துழைக்க வேண்டுகிறோம். தற்போது புழுவின் ஆன்டிஜனைக் கண்டறியும் பட்டைச் சோதனையும் உள்ளது. அதைப் பகலிலும் செய்யலாம்.

கொசு உறிஞ்சிய நுண்புழு, அதன் உடலில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வளர்ந்து, தொற்றை உண்டாக்கும் நிலையை அடைகிறது. அக்கொசு மற்றொருவரைக் கடிக்கும்போது அவரது தோலின் மீது விழுந்து, கடிவாய் வழியே உள்ளே நுழைகிறது. மலேரியாக் கிருமியைப் போல் இது கொசுவினுள் பல மடங்காகப் பெருகுவதில்லை. ஆகவே ஓரிரு கடிகளால் இந்நோய் வந்துவிடாது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடிபட்டவர்களுக்கே பெரும்பாலும் வருகிறது. தொற்று குழந்தைப் பருவத்திலேயே தொடங்கி, வீக்கம் நடுவயதில் வெளிப்படுவது வழக்கம்.

வளர்ந்த புழுக்கள் குடியிருக்கும் இடத்தில் நிணநாளம் விரிந்து தளர்ந்துபோகிறது. வால்வுகள் சரியாக மூடுவதில்லை. மேலேற வேண்டிய நீர் கீழே தேங்குகிறது. புழு பின்னர் இறந்துவிட்டாலும், தளர்ந்த நாளமும் பழுதடைந்த வால்வும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இரத்தத்தில் புழு இல்லாமலும் கால் வீங்கியிருப்பதற்கு இதுவே விளக்கம். இதற்கு மறுதலையான நிலையும் உண்டு: இரத்தத்தில் நுண்புழுக்களைச் சுமந்துகொண்டிருப்பவர்களில் பலருக்கு வெளியே எந்த அறிகுறியும் இருக்காது. நோயைப் பரப்பக்கூடியவர்கள் அவர்களே. வீங்கிய காலுடன் இருப்பவரிடமிருந்து பிறர் விலகி நிற்பதில் அறிவியல் அடிப்படை சிறிதும் இல்லை. அவரைத் தொடுவதாலோ, உடன் உண்பதாலோ, அவரது காலைக் கழுவிவிடுவதாலோ நோய் ஒட்டாது. இது பரம்பரை நோயும் அன்று. இக்காரணத்தைச் சொல்லித் திருமணப் பேச்சு நின்றுபோவதை இன்றும் கேள்விப்படுகிறோம். அது அறியாமையின் விளைவேயன்றி வேறில்லை.

காலை யானைக்காலாக்குவது எது?

தேங்கிய நீர் மட்டுமே காலைத் தடிக்கச் செய்வதில்லை. வீங்கிய காலில் விரலிடுக்குச் சேற்றுப்புண், பித்தவெடிப்பு, கீறல், கொசுக்கடியைச் சொறிந்த புண் என ஏதேனும் ஒரு வாசல் திறந்திருந்தால், தோலின் மேலுள்ள பாக்டீரியாக்கள் உள்ளே நுழைகின்றன. நிணநீர் ஓட்டம் சரியாக உள்ள காலில் இவை உடனே பிடிபட்டுவிடும். ஓட்டம் கெட்ட காலில் இவை பெருகுகின்றன. திடீரென நடுக்கத்துடன் காய்ச்சல் வருகிறது. கால் சிவந்து, சூடாகி, தொட முடியாதபடி வலிக்கிறது. தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. சில நாள்களில் காய்ச்சல் தணிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு தாக்குதலும் சில நிணநாளங்களை நிரந்தரமாக அழித்து, தோலை இன்னும் சிறிது தடிக்கச் செய்துவிட்டே போகிறது. பத்துப் பதினைந்து தாக்குதல்களுக்குப் பின் காலில் மடிப்புகளும் முடிச்சுகளும் தோன்றுகின்றன. மடிப்புகளுக்குள் ஈரம் தங்கி, மேலும் கிருமிகளுக்கு இடமளிக்கிறது.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இக்காய்ச்சல் வரும் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் உண்டு. வானத்து நிலவை விட்டுவிட்டு உங்கள் விரலிடுக்கைப் பாருங்கள். பெரும்பாலான நேரங்களில் காரணம் அங்கேயே இருக்கும்.

இது நோயாளிக்கு ஓர் ஆறுதலான செய்தியும் ஆகும். பழுதடைந்த வால்வைச் சரிசெய்ய நம்மிடம் மாத்திரை இல்லை. ஆனால் கிருமி நுழையும் வாசலை அடைப்பது உங்கள் கையிலேயே உள்ளது. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் மருத்துவர் ஜெருசா டிரெயர் இந்த உண்மையை முன்வைத்து, எளிய கால் சுகாதார முறையைப் பரப்பினார். இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் பராமரிப்பின் அடிப்படையும் அதுவே. சரியாகக் கழுவி வரும் நோயாளிகளில் காய்ச்சல் தாக்குதல்கள் குறைகின்றன. தொடக்க நிலையில் உள்ள வீக்கம் வடிவதும் உண்டு.

காலைக் கழுவும் முறை

ஓர் அகன்ற தொட்டி, ஒரு குவளை, மணமோ மருந்தோ கலக்காத சாதாரண சோப்பு, மெல்லிய பருத்தித் துணி ஆகியவை போதும். சில இடங்களில் தேசியத் திட்டத்தின் கீழ் இப்பொருள்கள் அடங்கிய பராமரிப்புப் பெட்டியும் களிம்பும் நோயாளிகளுக்கு வழங்கப்படுகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள்.

நாள்தோறும் ஒரு முறை, இயன்றால் இரவு படுக்கும் முன் கழுவுங்கள். வீங்காத காலையும் சேர்த்தே கழுவ வேண்டும். முதலில் நல்ல வெளிச்சத்தில் அமர்ந்து, பாதத்தையும் விரலிடுக்குகளையும் மடிப்புகளையும் பாருங்கள். நீர் வெந்நீராக இருக்கக்கூடாது. வீங்கிய காலின் தோலில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். சோப்பைக் கையில் குழைத்து, முழங்காலிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கித் தேய்த்து வாருங்கள். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் மெல்ல விரித்துக் கழுவுங்கள். விரலிடுக்கில் விரல் நுழையாவிட்டால் மெல்லிய துணியைத் திரித்து உள்ளே செலுத்தித் துடைக்கலாம். தேய்ப்பான், பீர்க்கங்கூடு, கல் ஆகியவை வேண்டாம். அவை கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். நீர் தெளிவாக வடியும்வரை சோப்பை அலச வேண்டும்.

கழுவுவதைவிடத் துடைப்பதே முக்கியம் என்றுகூடச் சொல்வேன். புதுச்சேரியின் கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம். கழுவிவிட்டு அப்படியே விட்டால் விரலிடுக்கு உலராது. உலராத இடுக்கில் பூஞ்சை வளரும், அதுவே சேற்றுப்புண். ஆகவே உலர்ந்த துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இடுக்கில் ஈரம் நிற்குமானால் கையால் விசிறி உலர்த்துங்கள். தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தால் மருத்துவர் தரும் பூஞ்சை எதிர்ப்புக் களிம்பையும், புண் இருந்தால் பாக்டீரியா எதிர்ப்புக் களிம்பையும் தடவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, சாம்பல் முதலியவற்றைப் புண்ணின் மேல் அப்ப வேண்டாம். காலைக் கீறி இரத்தம் எடுப்பதும் சூடு போடுவதும் பெருந்தீங்கு விளைவிப்பவை.

முதியவர்களுக்குக் குனிந்து தம் பாதத்தை எட்ட முடியாது. இங்கேதான் கவனித்துக்கொள்வோரின் துணை தேவைப்படுகிறது. காலில் திறந்த புண் இருந்தால் கையுறை அணிந்துகொள்ளுங்கள். மற்றபடி வெறுங்கையால் கழுவுவதில் உங்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. நோயாளிக்கு நீரிழிவும் இருப்பின், இப்பராமரிப்பை ஒரு நாளும் தவறவிடக் கூடாது.

பகலில் அமர்ந்திருக்கும்போது காலைத் தொங்கவிடாமல் ஒரு முக்காலியின் மேல் வையுங்கள். இரவில் கட்டிலின் கால்மாட்டுப் பக்கத்துக் கால்களின் அடியில் செங்கற்களை வைத்து உயர்த்துவது, தலையணை வைப்பதைவிடப் பயனுடையது. உறக்கத்தில் தலையணை நகர்ந்துவிடும், செங்கல் நகராது. இதய நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே இவ்வாறு செய்ய வேண்டும். நின்றபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, அமர்ந்தபடி கணுக்காலை வட்டமாகச் சுழற்றுவது போன்ற எளிய பயிற்சிகள் கெண்டைக்கால் தசையை இயக்கி நிணநீரை மேலேற்றுகின்றன. அழுத்தக் கட்டு அல்லது காலுறையை மருத்துவரின் ஆலோசனைப்படியே பயன்படுத்துங்கள். வெளியே செல்லும்போது இறுக்கமில்லாத, காற்றோட்டமுள்ள செருப்பை அணியுங்கள், வெறுங்காலுடன் நடக்காதீர்கள்.

காய்ச்சல் தாக்குதல் வந்துவிட்டால் பயிற்சிகளையும் அழுத்தக் கட்டையும் நிறுத்திவிட்டு ஓய்வெடுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைக் காலின் மேல் இடுங்கள். நிறைய நீர் அருந்துங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடுத்துக்கொண்டு, அன்றே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். பாக்டீரியா எதிர்ப்பு மருந்து தேவைப்படும். இந்நிலையில் புழு மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். தாக்குதலை உண்டாக்கியது புழுவன்று.

அப்படியானால் மாத்திரை எதற்கு?

டைஎத்தில்கார்பமசைன், சுருக்கமாக டி.இ.சி., இரத்தத்தில் உள்ள நுண்புழுக்களை அழிக்கிறது. 2004 முதல் நாட்டின் நோய்ப் பரவல் உள்ள மாவட்டங்களில் இம்மாத்திரை ஆண்டுக்கு ஒரு முறை மக்கள் அனைவருக்கும் வழங்கப்பட்டு வந்துள்ளது. பின்னர் அல்பெண்டசோலும், சில மாவட்டங்களில் ஐவர்மெக்டினும் சேர்க்கப்பட்டன. நோயில்லாதவர் ஏன் சாப்பிட வேண்டும் என்று கேட்பவர்கள், அறிகுறியின்றி நுண்புழுக்களைச் சுமப்பவரே பரப்புகிறார் என்பதை நினைவுகூர வேண்டும். சாப்பிட்ட பின் சிலருக்குத் தலைவலியும் இலேசான காய்ச்சலும் வரும். இரத்தத்தில் நுண்புழுக்கள் இறப்பதால் ஏற்படுவது அது. கர்ப்பிணிகளுக்கும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கடும் நோயுற்றவர்களுக்கும் இம்மருந்து கொடுப்பதில்லை.

புதுச்சேரியின் அனுபவம் இங்கே குறிப்பிடத் தக்கது. தட்டையான கடற்கரை நகரம் இது. பெரிய வாய்க்காலும் உப்பனாறும் நகரின் கழிவுநீரை மெதுவாகவே கடலுக்குக் கொண்டுசெல்கின்றன. தேங்கிய சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசுவுக்கு இதைவிட ஏற்ற இடம் வேறில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் இங்கு நிறுவிய நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் (வி.சி.ஆர்.சி.), அதன் இயக்குநர் பி. கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை நகரில் ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை நடத்தியது. பூச்சிக்கொல்லியை மட்டும் நம்பாமல், நீர் தேங்கும் இடங்களைச் சீராக்குவதற்கு அத்திட்டம் முதன்மை அளித்தது. கொசுக்கள் குறைந்தன. திட்டம் முடிந்தபின் மீண்டும் பெருகின. புதுச்சேரியில் திரட்டிய தரவுகளைக் கொண்டு பின்னர் செய்யப்பட்ட கணினிவழி ஆய்வு, வளர்ந்த புழுவின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 10 ஆண்டுகள் என மதிப்பிட்டது. ஐந்தாண்டு முயற்சி ஏன் போதவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்: கொசு ஓய்ந்திருந்த காலம் முழுவதும் புழு மனித உடலுக்குள் உயிரோடு காத்திருந்தது. மாத்திரையும் கொசுக் கட்டுப்பாடும் கைகோத்துப் பல்லாண்டுகள் தொடர வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. இவ்வாறு விடாது தொடர்ந்த இலங்கையில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழிக்கப்பட்டதாக 2016-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியா 2027-ஐ இலக்காகக் கொண்டுள்ளது.

உங்கள் வீட்டளவில் செய்யக்கூடியது: கழிவுநீர்த் தொட்டியின் மூடியில் விரிசல் இருந்தால் பூசுங்கள், அதன் காற்றுக் குழாயின் வாயில் கொசுவலையைக் கட்டுங்கள். இரவில் கொசுவலைக்குள் உறங்குங்கள்.

விரைவீக்கமும் பிற வீக்கங்களும்

ஆண்களில் இப்புழு விரைப்பையில் நீர் கோக்கச் செய்வது காலைப் பாதிப்பதைவிட அதிகமாகவே காணப்படுகிறது. வெட்கத்தால் பலர் ஆண்டுக்கணக்கில் வேட்டிக்குள் மறைத்து வைக்கின்றனர். கால் வீக்கத்தைப் போலன்றி இதற்கு அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் முழுத் தீர்வு உண்டு. அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சைப் பிரிவை அணுகுங்கள்.

எல்லாக் கால் வீக்கமும் யானைக்கால் ஆகாது. இரு கால்களும் ஒரே அளவில் வீங்கி, முகமும் அதைத்திருந்தால் சிறுநீரகத்தையோ இதயத்தையோ பரிசோதிக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்குவதும் நிணநீர்த் தேக்கமே. அதில் புழுவுக்குத் தொடர்பில்லை. ஒரு கால் மட்டும் ஓரிரு நாள்களில் திடீரென வீங்கி, கெண்டைக்காலில் வலியிருந்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதனுடன் மூச்சுத்திணறலோ மார்பு வலியோ சேர்ந்தால் காத்திருக்காமல் 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

மருத்துவரைப் பார்க்க வரும்போது ஒரு சிறு குறிப்பேடு உடனிருந்தால் நல்லது. தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடாவால் மாதம் ஒரு முறை, ஒரே வேளையில், கணுக்காலுக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் சுற்றளவை அளந்து எழுதுங்கள். காய்ச்சல் தாக்குதல் வந்த நாளையும், அதற்கு முன் காலில் புண்ணோ வெடிப்போ இருந்ததா என்பதையும் குறித்துவையுங்கள். சிகிச்சையை மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்ய அக்குறிப்பு எங்களுக்குப் பெரிதும் உதவும்.